பேரனை நிறுத்தி வைத்த கால் மணி நேரம்

1

முதலில் நான் கட்டியவற்றைச் சொல்லிவிடுகிறேன். மற்றதெல்லாம் பிறகு.

சீவலப்பேரியில் அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை நிறுத்தியவன் நான். பள்ளிக்கூடம்தான் என்னை நிறுத்தியது என்று சொல்கிறவர்களும் உண்டு. அவர்கள் இன்னும் சீவலப்பேரியிலேயே இருக்கிறார்கள். நெல்லை வண்ணார்பேட்டையில் பரோட்டாக் கல்லின் முன்னால் நின்று வளர்ந்தேன். அங்கிருந்து துபாய். துபாயிலிருந்து இங்கிலாந்தின் வடக்கே, மழை பெய்யாத நாளைத் திருவிழாவாகக் கொண்டாடுகிற இந்த ஊர். வந்த அன்றைக்கு எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் எல்லாம் சாப்பாட்டுச் சாமான்களின் பெயர்கள்தான். அதை வைத்தே மூன்று கடை கட்டினேன். ஒரு பரோட்டாக் கடை, ஒரு மளிகைக் கடை, பாதி மளிகை பாதி பட்டுப்புடவை என்று இன்னொரு கடை. சீவலப்பேரியில் அப்பாவின் ஓலைக்குடிசை இருந்த இடத்தில் லிப்ட் வைத்த இரண்டு மாடி வீடு கட்டினேன். அதில் ஏறி இறங்க ஆள் இல்லை என்பது வேறு விஷயம். மகள் பேச்சியம்மாளைப் படிக்க வைத்து, வெள்ளைக்காரன் கம்பெனிக் கணக்கில் தப்புக் கண்டுபிடிக்கிற வேலையில் உட்கார வைத்தேன். மாதத்துக்கு ஒரு வெள்ளிக்கிழமை பள்ளிக்கூட விளையாட்டுக் கூடத்தில் கூடிக் கலைகிற ஒரு கோயிலைக் கட்டினேன். கடைசியாக ஒரு கால்பந்து ஆட்டக்காரனைக் கட்டினேன்.

கடைசியில் சொன்னதில்தான் வழக்கு. கடை, வீடு, கோயில் எல்லாம் இசக்கிமுத்து கட்டியது என்று ஊர் ஒப்புக்கொள்கிறது. ஆட்டக்காரனை மட்டும் வேறு யாரோ கட்டியதாகச் சொல்கிறார்கள்.

2

நான் இந்த ஊருக்கு வந்து முப்பது வருஷம் நிறைந்ததற்குப் போன மாதம் வீட்டில் கேக் வெட்டினார்கள். நமக்குக் கேக் எதற்கு, ஒரு கேசரி கிண்டினால் ஆகாதா என்று கேட்டேன். கேசரியில் மெழுகுவர்த்தி நிற்காது என்று பதில் வந்தது. எல்லாரும் வந்துவிட்டார்கள், பேரன் நவீன் மட்டும் வரவில்லை. பயிற்சி முடிந்து, கால்களை ஐஸ் தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போட்டுவிட்டுத்தான் வருவான். அவனுக்காகக் காத்திருந்தபோது ஊர்ச் சங்கத்தார் போனில் கூப்பிட்டு, "அண்ணாச்சி, ஆண்டு மலருக்கு உங்க அனுபவத்த எழுதித் தாங்க" என்றார்கள். என்ன எழுத என்று நான் யோசிக்கவே இல்லை.

நவீன், பேச்சியம்மாளின் ஒரே மகன். இங்குள்ளவர்கள் வாயிலும் நுழையட்டும் என்று அவள் வைத்த பெயர். நான் சொன்ன சுடலைமுத்து என்கிற பெயர் பிறப்புச் சான்றிதழ்க் கட்டத்துக்குள் அடங்காது என்று ஒரு காரணம் சொன்னாள். பையன் தமிழ் பேசுவான். ஆனால் மரியாதையை எந்தப் பக்கம் வைப்பது என்று தெரியாது. "தாத்தா, நீ வாங்க" என்பான். நாய்க்குட்டியைப் பார்த்து, "அவங்க தூங்குறாங்க" என்பான். நான் தமிழில் கேட்பேன், அவன் பெரும்பாலும் இங்கிலீஷில் பதில் சொல்வான். இரண்டு பேருக்கும் பாதி புரியும். அந்தப் பாதியை வைத்துப் பத்து வருஷம் ஒரே வண்டியில் போய் வந்தோம்.

வண்டி என்றால் என் மளிகைக் கடை வேன். மருமகனுக்குக் கப்பலில் வேலை, வருஷத்தில் பாதி தண்ணீரில் இருப்பார். மகளுக்கு ஆபீஸ். ஆகவே வாரத்தில் மூன்று மாலையும் சனி, ஞாயிறு காலையும் பேரனை மைதானத்துக்குக் கொண்டுபோகும் வேலை என் தலையில் விழுந்தது. அவனோடு இன்னும் இரண்டு பையன்களை ஏற்றிக்கொள்ளலாம் என்று பார்த்தால், மற்றவர் பிள்ளையை ஏற்ற எனக்குப் போலீஸ் சான்றிதழ் வேண்டுமாம். பரோட்டா மாவைத் தவிர இந்த மனிதர் வேறு எதையும் அடித்ததில்லை என்று அரசாங்கம் எழுதிக் கொடுக்கவே ஒரு பருவம் ஓடிவிட்டது.

3

நவீன் எட்டு வயதில் பள்ளி மைதானத்தில் ஆடியதைப் பார்த்து, எங்கள் ஊர் அணியிலிருந்து ஒருவர் வந்து அவனைக் கூட்டிப்போனார். தொழில்முறை அணி, சம்பளத்துக்கு ஆடுகிறவர்கள். நாட்டில் முதல் படியில் நிற்கும் அணியல்ல, மூன்றாவது படி. வந்தவர் பெயர் டேவ். அப்போது இளையோர் பிரிவுக்குப் பயிற்சியாளர். போன வருஷம் பெரிய அணிக்கே பயிற்சியாளர் ஆகிவிட்டார். அவர் பேசியதை நம்ம ஊர்ப் பேச்சிலேயே இங்கே எழுதுகிறேன். அவர் என்னை மிஸ்டர் முத்து என்றுதான் கூப்பிடுவார். வாசிக்கிறவர்கள் அதை அண்ணாச்சி என்று எடுத்துக்கொள்ளலாம்.

முதல் ஆட்டம் முடிந்ததும் அவரிடம் போனேன்.

"எத்தனைக்கு எத்தனைவே?"

"இந்த வயசுல நாங்க கோல் கணக்கு வைக்கதில்ல அண்ணாச்சி."

"கணக்கு வைக்காட்டா யாரு ஜெயிச்சான்னு எப்படித் தெரியும்?"

"பிள்ளைக நல்லா ஆடிச்சில்லா. அது போதும்."

"நான் எண்ணிட்டேன். நாம அஞ்சு, அவனுவ ரெண்டு."

"அத உங்க மனசோட வச்சிக்கிடுங்க. பையன்ட்ட மட்டும் சொல்லிராதீய."

வேனில் ஏறியதும் பையனிடம் சொன்னேன். கணக்குப் பார்க்காமல் ஒரு கடையை நடத்தினால் எத்தனை நாளைக்கு ஓடும்? இவர்கள் வருஷக்கணக்காக நடத்தினார்கள்.

அடுத்து மௌன ஞாயிறு. பெற்றவர்கள் வெளியிலிருந்து கத்தினால் பிள்ளைகள் தாமாக யோசிக்கப் பழக மாட்டார்களாம். ஆகவே சில ஞாயிற்றுக்கிழமைகளில் யாரும் வாயைத் திறக்கக் கூடாது என்று சொல்லி, கயிற்றுக்கு வெளியே நின்ற ஒவ்வொருவருக்கும் ஒரு குச்சி மிட்டாய் கொடுத்தார்கள். வக்கீல், டாக்டர், மூன்று கடை முதலாளி எல்லாரும் மழையில் குடை பிடித்து வரிசையாக நின்று மிட்டாய் சப்பினோம். எனக்குச் சர்க்கரை உண்டு என்று சொன்னேன். சர்க்கரை இல்லாத மிட்டாயும் வைத்திருந்தார்கள். அந்த அளவுக்குத் திட்டம் போட்டு வாயை அடைக்கிறவர்கள்.

பதின்மூன்று வயதில், கூட ஆடுகிற பயல்களுக்கெல்லாம் மீசை அரும்பிவிட்டது. நவீன் மட்டும் வற்றலாக இருந்தான். மகளுக்கு என்ன உயரம், மருமகனுக்கு என்ன உயரம் என்று கேட்டு எழுதினார்கள். பையனை நிற்க வைத்தும் உட்கார வைத்தும் அளந்தார்கள். பெண் பார்க்க வந்தவர்கள்கூட அப்படி அளக்க மாட்டார்கள். கடைசியில், இவன் பிந்தி வளருகிற சாதி உடம்பு என்று சொல்லித் தன்னைவிட இரண்டு வயது சின்னப் பயல்களோடு ஆட விட்டார்கள். எனக்கு மானம் போயிற்று.

"என் பேரன ரெண்டு வகுப்பு கீழ எறக்கிட்டீரே, ஞாயமாவே?"

"எறக்கல அண்ணாச்சி. பெரிய பயலுவளோட விட்டா இடிபட்டு விழுவான். விழுந்தா என்ன செய்வான்? பந்து வந்ததும் பயந்து தள்ளிவிட்டுட்டு ஓடுவான். சின்னவங்ககூட ஆடினா பந்த காலடியில வச்சி நாலு பக்கமும் பாப்பான். உடம்பு பைய வரட்டும், புத்தி அதுக்குள்ள ஆடட்டும்."

"எப்பம் வரும்?"

"வரும்போது வரும்."

பத்து வருஷமாக எனக்குக் கிடைத்த ஒரே தேதி அதுதான்.

அவர்களிடம் அவசரம் இல்லை, எனக்கு உண்டு. எனக்கு வயசாகிறது என்பது ஒன்று. இன்னொன்று, அவர்கள் காத்திருக்கிறார்கள் என்றால் கடைசியில் எல்லாரையும் வைத்துக்கொள்வார்கள் என்று அர்த்தமில்லை. என் வேனில் ஏறிய இரண்டு பயல்களையும் பதினாறு வயதில் கைகுலுக்கி அனுப்பிவிட்டார்கள். ஒருவன் இப்போது என் மளிகைக் கடையில் அரிசி மூட்டை அடுக்குகிறான். நல்ல பையன். மத்தியானம் யாரும் இல்லாத நேரத்தில் ஒரு முட்டைக்கோஸைக் கீழே விடாமல் காலாலேயே தட்டித் தட்டி நிறுத்துவான். நான் பார்க்காத மாதிரி கல்லாவைப் பூட்டித் திறப்பேன்.

4

என்னைவிட அவசரக்காரன் ஒருவன் உண்டென்றால் அது என் மச்சினன் முருகையா. வண்ணார்பேட்டையில் பிளக்ஸ் அடிக்கிற கடை வைத்திருக்கிறான். காதுகுத்து, கட்சி மாநாடு, கண்ணீர் அஞ்சலி எது வந்தாலும் விடிவதற்குள் அடித்துக் கட்டிவிடுவான். நவீனை எட்டு வயதில் சேர்த்த செய்தியை நான் போனில் சொன்ன மறுநாள், பஸ் நிற்கிற இடத்தில் ஒரு பிளக்ஸ் நின்றது: "இங்கிலாந்து அணிக்குத் தேர்வான நெல்லைச் சிங்கம்." சிங்கத்துக்கு அப்போது முன்பல் இரண்டு இல்லை. கீழே வட்டம் வட்டமாகச் சொந்தக்காரர்கள் படம், நடுவில் முருகையா கூலிங் கிளாஸ் போட்டு நிற்கிறான்.

அதிலிருந்து மாதம் ஒரு போன்.

"அத்தான், எப்பம் எறங்குதான்? அடுத்த பிளக்ஸ் அடிச்சி ரெடியா வச்சிருக்கேன். தேதி மட்டுந்தான் காலி."

"பொறுலே. இவனுவ பைய பையதான் செய்யுதானுவ."

"இங்கன எல்லாரும் கேக்காவ அத்தான். சிங்கம் இன்னும் கூண்டுலயா இருக்குன்னு கேலி பேசுதானுவ."

போன வருஷம், பதினேழு வயதில், நவீனைப் பக்கத்து ஊரில் ஒரு சின்ன அணிக்கு ஆறு மாசம் இரவலாகக் கொடுத்தார்கள். பகலில் தச்சு வேலையும் தபால் வேலையும் பார்த்துவிட்டு, மாலையில் சேற்றில் ஆடுகிற வளர்ந்த ஆண்கள். பையன் முழங்கால் வீங்கி வருவான். முகத்தில் யாரோ ஒரு தபால்காரரின் முழங்கை பதிந்திருக்கும். பெரியவர்கள் நடுவில் அடிபடாமல் ஆடப் பழகட்டும் என்று டேவ் சொன்னார். இதை முருகையாவிடம் எப்படிச் சொல்வது?

"இரவலா? பேரனையா? அண்டா குண்டா மாதிரியா?"

"ஆமாலே. ஆறு மாசம்."

"அத்தான், நம்ம வீட்டு இட்லிக் கொப்பரைய இரவல் வாங்கிட்டுப் போனவுக இன்னும் திருப்பித் தரல. இவனுவ தருவானுவளா?"

அன்று ராத்திரி எனக்கும் அந்தச் சந்தேகம் வந்தது. தந்தார்கள். திரும்பி வந்தபோது பையனுக்கு உயரம் வந்திருந்தது. தோள் அகன்றிருந்தது. சாப்பாட்டு மேஜையில் உப்பை எடுக்கக்கூட அவசரப்படாமல் கையை நீட்டுகிற ஒரு நிதானம் வந்திருந்தது. இதெல்லாம் வயதுக்குத் தானாக வருவது என்று நான் சொன்னேன்.

5

பதினெட்டு முடிந்தால் இரண்டில் ஒன்று. பெரிய அணியில் சம்பள ஒப்பந்தம், இல்லையென்றால் கைகுலுக்கல். இந்த வசந்தத்தில் நவீனுக்கு அது முடிவாக வேண்டியிருந்தது. பெரிய அணிக்காக அவன் ஒரு நிமிஷம்கூடக் களத்தில் இறங்கியிருக்கவில்லை. பருவத்தில் மிச்சம் ஒரே ஆட்டம். டேவ் மகளுக்குப் போன் போட்டார்.

"ஞாயித்துக்கிழம மாத்து ஆளுகளோட அவனையும் உக்கார வைக்கேன். முடிஞ்சா எறக்குவேன். எறங்கி என்ன செய்யுதான்னு பாத்துட்டுத்தான் நிர்வாகத்துல முடிவு சொல்லுவாங்க."

பேச்சியம்மாள் போனை வைத்துவிட்டு அழுதாள். நான் அழவில்லை, சமையலறைக்குப் போய்க் காலண்டரைப் பார்த்தேன். ஆட்டம் வழக்கமாகச் சனிக்கிழமை மூன்று மணிக்கு. இந்த ஒரு ஆட்டத்தை மட்டும் டிவிக்காரர்கள் மாற்றியிருந்தார்கள். ஞாயிறு, மாலை நாலரை.

ஞாயிறு நாலரை முதல் ஆறு வரை என்ன என்று தமிழ் படிக்கிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ராகு காலத்தில் நான் படியிறங்கியதில்லை. மூன்று கடையும் ராகு காலம் தவிர்த்துத் திறந்தவை. சனிக்கிழமைக் காலைப் பயிற்சி பத்து மணிக்கு என்றால், ஒன்பதுக்கு முன்னாலேயே வீட்டை விட்டுக் கிளம்பி மைதானத்து வாசலில் வேனில் உட்கார்ந்திருப்போம். பையன் பின்சீட்டில் தூங்குவான். பத்து வருஷமும் அப்படித்தான்.

"அப்பா, கூறு கெட்டுப் பேசாதீய," என்றாள் மகள். "நம்ம ஊர்ல அப்பம் ராத்திரி ஒம்பது மணி. ராகு சாப்ட்டுப் படுத்திருப்பாரு."

"அவரு என்ன சீவலப்பேரி டவுன் பஸ்ஸாட்டி, கடைசி வண்டி போயிட்டா வராம இருக்க? கிரகம்ட்டி. நாம எங்கன நிக்கோமோ அங்கன கூட வருவாரு."

அவள் பேச்சில் திருப்தி இல்லாமல் முருகையாவைக் கூப்பிட்டேன். அவன் ஜோசியரிடமே கேட்டுவிட்டு வந்தான்.

"அத்தான், அந்தந்த ஊர்ல சூரியன் அடையுத நேரத்த வச்சித்தான் கணக்குப் பாக்கணுமாம்."

"இங்கன இப்பம் சூரியன் ராத்திரி ஒம்பது மணிக்குத்தாம்லே அடையுது."

"அப்பம் அங்கன ராகு காலம் ஏழு மணிக்கு மேலயாம். ஆட்டம் அதுக்கு முந்தியே முடிஞ்சிரும்லா, கவலைய விடுங்க."

"ஜோசியர் எந்தக் காலத்துலலே விமானம் ஏறுனாரு? காலண்டர்ல நாலரை டு ஆறுன்னு அச்சுல கிடக்கு. அச்சுல உள்ளதுதாம்லே சட்டம்."

நவீனிடம் யாரும் எதையும் சொல்லக் கூடாது என்று மகள் உத்தரவு போட்டாள். சரி என்றேன். ஆட்டம் தொடங்குவது ராகு காலத்தில் என்றால் அது மற்றப் பதினொரு பேர் பாடு. நம் பையன் ஆறு மணிக்கு மேல் இறங்கட்டும் என்று மனதுக்குள் ஒரு ஏற்பாடு செய்துகொண்டேன். அந்த ஏற்பாட்டை டேவுக்குத்தான் தெரிவிக்க முடியவில்லை.

6

மாற்று ஆட்டக்காரர்கள் உட்காரும் இடத்துக்கு நேர் பின்னால், முதல் வரிசையில், எனக்கும் மகளுக்கும் சீட்டு. கையை நீட்டினால் நவீனின் முதுகைத் தொடலாம். எதிர்ப்பக்கம் கூரையில் பெரிய கடிகாரம். நான் பந்தைப் பார்த்ததைவிடக் கடிகாரத்தைப் பார்த்ததே அதிகம்.

முதல் பாதி ஒன்றுமில்லாமல் போனது. இரண்டாம் பாதியில் எதிரணி ஒரு கோல் போட்டது. கடிகாரத்தில் ஆறு மணிக்குக் கால் மணி நேரம் இருக்கும்போது நம் அணியில் ஒருவன் தொடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். டேவ் திரும்பிப் பார்த்தார். விரலை நீட்டினார். நவீனை நோக்கி.

பத்து வருஷம். மழை, மிட்டாய், அளவெடுப்பு, இரவல். இந்த விரல் நீளாதா என்று நான் ஏசாத நாள் இல்லை. மகள் என் கையைப் பிடித்து நெரித்தாள். பையன் எழுந்து மேல்சட்டையின் ஜிப்பைப் பாதி இறக்கினான்.

நான் எழுந்துவிட்டேன்.

"எலே நவீனு! நில்லுலே! ராகு காலம்லே! ஆறு தாண்டட்டும், பொறவு எறங்கு!"

அந்த மைதானத்தில் அதுவரை யாரும் அப்படி ஒரு குரலைக் கேட்டிருக்க மாட்டார்கள். வண்ணார்பேட்டையில் பஸ் சத்தத்துக்கு மேலாக, "ரெண்டு முட்டை பரோட்டா" என்று கத்திய குரல் அது. மஞ்சள் சட்டைக் காவல்கார அம்மா ஓடி வந்து, உட்காருங்கள் என்று கையைக் காட்டினாள்.

நவீனின் கை ஜிப்பில் நின்றது. திரும்பவில்லை. டேவ் என்னவோ கேட்டார். பையன் தொடையின் பின்பக்கத்தைத் தொட்டுக்காட்டி, மெல்ல என்னவோ சொன்னான். டேவ் அவன் முகத்தையே பார்த்தார். அப்புறம் அவனை விட்டுவிட்டுப் பக்கத்தில் இருந்த இன்னொருவனைத் தட்டி எழுப்பி இறக்கினார்.

நவீன் ஜிப்பை ஏற்றிக்கொண்டு கோட்டோரமாக மறுபடி ஓடிக் குதிக்கப் போனான்.

மகள் என் கையை விட்டுவிட்டாள்.

"பத்து வருசமா அவங்களுக்குப் பொறுமை சாஸ்தின்னு ஏசுனீய," என்றாள். குரல் உயரவே இல்லை; அதுதான் பயமாக இருந்தது. "இன்னைக்கித்தான் கூப்ட்டாங்க. நீங்க நிறுத்திட்டீய. எம்பிள்ள இனி எங்க போவான்? உங்க கடையில மூட்டை அடுக்கவா?"

"ஆறு மணிக்கு மேல கூப்பிடுவாருட்டி."

"யாரு, ராகுவா?"

அவளுக்குத் தெரியாமல் எங்கள் ஊர்ச் சுடலைமாடனுக்கு ஒரு கிடா நேர்ந்தேன். கடிகாரத்தின் பெரிய முள் ஏறவே மாட்டேன் என்று நின்றது. ஆறு ஆயிற்று. டேவ் திரும்பவில்லை. ஆறு மணி தாண்டியும் திரும்பவில்லை. இன்னொரு கிடா நேர்ந்தேன். மகள் கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள், கிளம்புகிறவள் மாதிரி.

அப்போது டேவ் விரலை வாயில் வைத்து ஒரு விசில் அடித்தார். கோட்டோரம் ஓடிக்கொண்டிருந்த நவீன் நின்றான். இந்த முறை ஜிப் முழுக்க இறங்கியது.

அவன் ஆடியது கொஞ்ச நேரம்தான். ஓடினான், நின்றான், பக்கத்தில் நின்றவனுக்குத் தட்டினான். பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. கடைசியில் ஒரு பந்து கோலுக்கு எதிரே அவன் காலுக்கு வந்தது. மைதானம் முழுக்க எழுந்து, அடி, அடி என்றது. நானும், "அடிலே!" என்றேன். அவன் அடிக்கவில்லை. பந்தின் மேல் காலை வைத்து நிறுத்தினான். அவனைத் தடுக்கப் பாய்ந்தவன் வழுக்கிக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டான். அப்புறம் பைய இடது பக்கம் நின்றவனுக்குத் தள்ளினான். அவன் அடித்தான், கோல். ஒலிபெருக்கியில் அடித்தவன் பெயரை மூன்று தரம் சொன்னார்கள். தள்ளியவன் பெயரை ஒரு தரம்கூடச் சொல்லவில்லை. இந்த நாட்டில் எல்லாமே இப்படித்தான் நடக்கிறது.

7

திரும்பும்போது வேனில் மகள் முன்னால் உட்கார மாட்டேன் என்று பின்னால் போய்விட்டாள். நவீன் என் பக்கத்தில்.

"ஏம்லே நின்ன?" என்று நானேதான் கேட்டேன்.

"தாத்தா, நீங்க கத்துனா என்ன பண்றது?"

"அவர்ட்ட என்னலே சொன்ன?"

"மசில் இன்னும் சூடாகல, கொஞ்சம் டைம் வேணும்னு சொன்னேன். பொய்."

"அப்பம் ராகு காலத்துல நம்பிக்க இருக்குன்னு சொல்லு."

"எனக்கு இல்ல தாத்தா. என் காலுக்கு இருக்கு. நீங்க சொன்னதும் அது போக மாட்டேன்னு சொல்லிடுச்சு."

பின்னாலிருந்து ஒரு சத்தம் வந்தது. மகள் அழுகிறாள் என்று நினைத்தேன். சிரித்திருக்கிறாள்.

இரண்டு நாள் கழித்து டேவ் மூன்று பேரையும் அலுவலகத்துக்கு வரச்சொன்னார். நான் பட்டு வேட்டி கட்டிப் போனேன். கைகுலுக்கல் என்றாலும் கௌரவமாக வாங்கிக்கொள்ள வேண்டும் அல்லவா. டேவ் சுற்றி வளைக்கவில்லை.

"ஒப்பந்தம் தாரோம். ரெண்டு வருசம்."

மகள் நவீனின் தலையைப் பிடித்து இழுத்து முத்தம் கொடுத்தாள். டேவ் பேசிக்கொண்டே போனார். "எதுக்குத் தாரோம்னு சொல்லணும். அந்தக் கடைசிப் பந்த நிறுத்துனானே, அது நல்லா இருந்துச்சி. ஆனா நிர்வாகத்துல நான் சொன்னது வேற. அதுக்கு முந்தி நான் கூப்பிட்டப்பம் இன்னும் சூடாகலன்னு சொன்னாம் பாருங்க. இந்த வயசுல ஒரு பய அப்படிச் சொல்ல மாட்டான். ஒடிஞ்ச காலோட எறங்குவானுவ. எறங்கித் தசை கிழிஞ்சி ஒரு வருசம் படுப்பானுவ. எத்தன பயலுவள அப்படி இழந்திருக்கேன். இவன் தன் வாழ்க்கையிலயே பெரிய வாய்ப்ப நிறுத்தி வச்சிட்டு, தயாராவல, பொறுங்கன்னான். பத்து வருசமா நாங்க சொல்லிக்குடுத்தது இதுதான் அண்ணாச்சி. வேற ஒண்ணுமே இல்ல."

நான் வாயைத் திறந்தேன். மேஜைக்கு அடியில் நவீன் என் காலை ஓங்கி மிதித்தான். ஒப்பந்தக்காரன் மிதி, இன்னும் வலிக்கிறது.

வெளியே வந்ததும் கையைப் பிடித்துக்கொண்டான். "தாத்தா ப்ளீஸ். டேவ்கிட்ட சொல்லாதீங்க. அவருக்கு எவ்ளோ சந்தோஷம் பாத்தீங்கள்ல?" சரி என்று வாக்குக் கொடுத்தேன். கொடுத்த வாக்கை மீறியவன் அல்ல நான்.

இப்போது மைதானத்து நடைபாதையில் நவீன் படம் மாட்டியிருக்கிறார்கள். படத்துக்குக் கீழே, அவனை உருவாக்கியவர்களுக்கு நன்றி என்று வரிசையாகப் பெயர்கள். டேவ், இன்னும் நாலு பயிற்சியாளர்கள், உடற்பயிற்சி டாக்டர், என்ன சாப்பிட வேண்டும் என்று சொல்கிற ஒரு பெண், தபால்கார அணி. கடைசி வரியில், "பத்து வருடம் தவறாமல் வண்டி ஓட்டிய தாத்தா."

வண்டி ஓட்டினேனாம். அதை எவனும் செய்வான். கண்ணாடியை மூடிக்கொண்டு, ரேடியோவும் போடாமல், பின்சீட்டில் தூங்குகிற பையன் எழுந்துவிடக் கூடாது என்று மழையில் மணிக்கணக்காக உட்கார்ந்திருக்க என்ன திறமை வேண்டும்? அதற்கு நன்றி சொல்லி என் முக்கியமான வேலையை மறைத்துவிட்டார்கள்.

பேரனுக்குக் கொடுத்த வாக்கினால் இதை இங்கிலீஷில் கேட்க எனக்கு வழியில்லை. டேவுக்குத் தமிழ் தெரியாது என்பதால் தமிழில் கேட்கிறேன். பொறுமையைப் பத்து வருஷம் அவர்கள் சொல்லிக்கொடுத்தார்கள். இருக்கட்டும், நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை, மைதானத்தில் இருந்த அத்தனை பேரும், பொறுமைக்காரர் டேவ் உட்பட, பையனைப் போ போ என்று தள்ளினார்கள். பொறு என்று சொன்ன வாய் ஒன்றே ஒன்றுதான். நாளை நவீன் பெயர் பேப்பரில் வரும், டிவியில் வரும். அப்போது இதை வாசித்தவர்கள் பக்கத்தில் இருக்கிறவரைத் தட்டி, முதல் தரம் கூப்பிட்டபோது அவனை நிறுத்தி வைத்தது சீவலப்பேரி இசக்கிமுத்து என்று சொல்லியே ஆக வேண்டும். டிரைவர் என்று யாரும் சொல்லக் கூடாது.